இறங்கி உருட்டிய இடங்கள்

1

வுப்பர்டால் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கான ஊர் இல்லை. ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன். நடுவில் ஒரு ஆறு, இரண்டு பக்கமும் மலை, மலையில் ஒட்டிக்கொண்டு வீடுகள். எங்கள் வீட்டிலிருந்து பஸ் தரிப்புக்குப் போக எண்பத்திரண்டு படிகள் இறங்க வேண்டும். கோபுரத்தைத் தவிர உயரமான ஒன்றையும் பார்க்காமல் கொக்குவிலில் வளர்ந்த எனக்கு, ஆரம்பத்தில் பால் வாங்கி வருவதே ஒரு யாத்திரையாக இருந்தது. இருபத்தைந்து வருடமாக அந்தப் படிகளை ஏறி இறங்கிய இதே முழங்கால்களோடுதான் இந்தச் செப்டம்பரில் நான் இத்தாலிக்குச் சைக்கிள் ஓடப் போனேன்.

இதை எழுத வைத்தது ஒரு காகிதம். போன கிழமை தபாலில் வந்தது. எங்கள் ஒரே மகள் ஆரணி இனி ஜெர்மனியில் வசிக்கவில்லை என்று உறுதிப்படுத்துகிற அப்மெல்டுங். அரைப் பக்கம்கூட இல்லை. நான் இந்த நாட்டில் பதிவதற்கு அலுவலகம் நாள் குறித்துத் தருகிற டெர்மின் எத்தனை, வரிசை எத்தனை. அப்பாவின் பெயரை எங்கள் பெயருக்கு முன்னால் எழுதுவோம் என்று நான் விளக்கிய விளக்கத்தில், நான் முதலில் வந்திறங்கிய ஊரில் ஒரு பெண்மணி என் அப்பாவை என் கணவராகப் பதிந்துவிட்டார். அதைத் திருத்த நாலு மாதமும் ஒரு சத்தியக் கடதாசியும் தேவைப்பட்டன. வருவதற்கு அவ்வளவு பாடு. போவதற்கு மகளுக்கு ஒரு படிவம் போதுமாக இருந்தது.

காகிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறேன். அதை எடுக்கச் சொல்லி இவர் நச்சரிக்கிறார். மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறதாம். எனக்கு அப்படித் தெரியவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் வந்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

2

ஆரணிக்கு வயது இருபத்து நாலு. ஆஹெனில் பொறியியல் படித்து முடித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசி எடுப்பாள். சாப்பிட்டியோ என்றால் ஓம் என்பாள். குளிரோ என்றால் அதற்கும் ஓம். பிறகு, சரி வைக்கிறன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் ஒருவர் போய்ச் சமாதானம் பேசலாம். இது அப்படியில்லை, நல்ல மரியாதையோடு ஒரு பிள்ளை தள்ளிப் போய்க்கொண்டே இருந்தாள்.

எப்போது தொடங்கியது என்று யோசித்தால் ஒரு பத்து வயது என்றுதான் ஞாபகம். அதுவரை பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு கோபம், யாருடைய சாப்பாட்டுப் பெட்டியில் என்ன இருந்தது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு வருவாள். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்துக் கடிதங்களை அவளே வாசித்து, கையெழுத்து வைக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். நாங்கள் பெருமைப்பட்டோம். எங்கள் பிள்ளை எல்லா ஜெர்மன் கடிதத்தையும் தானே பார்க்கிறாள் என்று கோயில் தேர்த் திருவிழாவில் நாலு பேருக்குச் சொன்னேன். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வதை அவள் நிறுத்தியிருந்தது எனக்கு உறைக்கவே இல்லை.

ஜூனில் ஒரு நாள் எடுத்து, டென்மார்க்கில் வேலை கிடைத்திருக்கிறது, அக்டோபரில் தொடங்குகிறது என்றாள். நான் சந்தோசம் என்றேன். வேறு என்ன சொல்வது. வைக்கப் போகிறாள் என்று நினைத்தபோது கேட்டாள்.

“அம்மா, நீங்கள் சைக்கிள் ஓட்டுவீங்களா?”

அவளோடு ஒரே வீட்டில் கோயம்புத்தூர்ப் பிள்ளை ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒட்டிக்கொண்ட தமிழ் இது. மாட்டு வண்டிலைத்தான் ஓட்டுறது, சைக்கிள் ஓடுறது என்று திருத்தினேன். அதை விட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கோ என்றாள்.

விஷயம் இதுதான். அவளும் அந்தக் கோயம்புத்தூர்ப் பிள்ளையும் இத்தாலியில் ஆற்றோரமாக ஒரு கிழமை சைக்கிளில் போவதற்கு எல்லாம் பதிந்து வைத்திருந்தார்கள். கார் வராத பாதை, மேடு பள்ளம் இல்லை. இப்போது அந்தப் பிள்ளைக்கு விசா நீடிப்பதற்கு மாதக் கணக்காகக் காத்திருந்த டெர்மின் சரியாக அந்தக் கிழமையில் வந்திருக்கிறது. டெர்மினை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று அந்த அலுவலகத்துக்கே தெரியாது. ஆகவே ஒரு இடம் காலி. நான் இரண்டாவது தெரிவு என்பது நன்றாகவே விளங்கியது. விளங்கியும், யோசிக்காமல் ஓம் என்றேன்.

இவருக்குத் தலை சுற்றியது. “உமக்கென்ன விசரே? இத்தாலிக்குப் போற சனம் காரிலை போகும், இல்லாட்டிப் பிளேனிலை போகும்” என்றார். நான் என் காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. அவள் நாட்டை விட்டுப் போவதற்குள் ஒரு கிழமை முழுக்க என்னோடு இருக்கப் போகிறாள். தொலைபேசி மாதிரி அதை வைத்துவிட முடியாது. எந்த இடத்தில் பிழை நடந்தது என்று அவளிடம் கேட்டுவிட வேண்டும். கேட்காமல் அவளை டென்மார்க்குக்கு அனுப்பினால், பிறகு மரியாதையான ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும்தான் எனக்கு மிஞ்சும்.

3

நான் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்கிறேன். விடுமுறைக்கு அன்ட்ராக் எழுதிக் கொடுத்தபோது, இத்தாலிக்குச் சைக்கிளில் என்று பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் என்னை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். கூட வேலை செய்கிற போலந்துக்காரி தன் சைக்கிளைத் தந்தாள். இருபத்தொரு கியர். ஊரில் ஒரு கியருமில்லாத சைக்கிளில் ஓடியவள் நான். கடைசிவரை மூன்றைத்தான் பாவித்தேன்.

வுப்பர்டாலில் ஓடிப் பழக ஒரே ஒரு இடம்தான் உண்டு. மலை இடுப்பில் முந்தி ரயில் ஓடிய பாதை. தண்டவாளங்களைக் கழற்றிவிட்டுத் தார் போட்டிருக்கிறார்கள். ரயில் ஏறக்கூடிய ஏற்றம்தான் என்பதால் என்னாலும் ஏற முடிந்தது. கல் பாலங்களின் மேலாக, வீடுகளின் கூரைகளுக்குச் சரிசமமாக ஓடும். இடையிடையே சுரங்கங்கள். வேலை முடிந்து பின்னேரங்களில் போய் ஓடினேன். முதல் நாள் பத்து நிமிடம், பிறகு அரை மணி, பிறகு இரண்டு மணித்தியாலம். என்னைத் தாண்டிப் போகிற ஜெர்மன் பெண்கள் மணி அடித்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். இல்லத்துக் கிழவிகள் காலைச் சாப்பாட்டு நேரம் என்னிடம் கிலோமீட்டர் விசாரிக்கத் தொடங்கினார்கள்.

உடம்பு எதையும் மறக்கவில்லை. இடது காலை மிதியில் வைத்து, வலது காலால் இரண்டு உந்து உந்தி ஏறுகிற பழக்கம் அப்படியே இருந்தது. அது மட்டும்தான் திரும்பி வந்தது என்று அப்போது நினைத்தேன்.

4

ஊரில் நாங்கள் ரியூசனுக்குச் சைக்கிளில் போனோம். கொக்குவிலிலிருந்து நகரத்துக்கு. பெட்டைகள் சோடி போட்டுத்தான் ஓடுவோம். இரண்டு சைக்கிளும் பக்கத்தில் பக்கத்தில், முகம் பார்க்காமல் கதை. சொல்ல வெட்கமான கதையெல்லாம் அப்படித்தான் சொல்லி முடிப்போம். ஒருத்திக்கு இளைத்தால் மற்றவள் அவள் முதுகில் ஒரு கையை வைத்து, தன் மிதியால் இரண்டு பேருக்கும் சேர்த்து மிதிப்பாள். என் சிநேகிதி வசந்தி இதில் கெட்டிக்காரி. காய்ச்சலோடு ஒருநாள் என்னைப் பரீட்சைக்கு அப்படியே தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்தாள்.

வழியில் நாலு சென்ட்ரி, இராணுவம் மறித்துப் பார்க்கிற காவலரண்கள். மண் நிரப்பின பீப்பாக்கள், மண்மூட்டை, பலகையில் “இறங்கி நடக்கவும்” என்று எழுத்துப் பிழையோடு தமிழ். பீப்பாக்களுக்கு முப்பது அடி முன்னாலேயே இறங்கிவிட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். அடையாள அட்டை வலது கையில், சைக்கிள் இடது கையில். கதையை நிறுத்தி, வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் உருட்டிப் போய், கடைசி மூட்டையைத் தாண்டினதும் ஏற வேண்டும். போக நாலு, வர நாலு. ஒரு நாளைக்கு எட்டுத் தரம், சில வருடங்கள். எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. நடந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். என்னைப் பொறுத்தவரை மழைக்குக் குடை விரிக்கிற மாதிரி அது ஒரு வழக்கம். வெளிநாடு வந்ததும் அது விட்டுப் போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். இங்கே நான் சைக்கிளைத் தொட்டதே குறைவு.

5

சைக்கிளோடு ரயிலில் போவதற்குச் சைக்கிளுக்கும் ஒரு சீட்டு, அதற்கும் இருக்கை எண் மாதிரி ஒரு எண். மியூனிக்கில் மாறி, மலைகளைக் கடந்து, கார்டா ஏரி முடிகிற பெஸ்கியேரா என்ற ஊரில் இறங்கினோம். ஜெர்மன் கடவுச்சீட்டு எடுத்துப் பல வருடமாகியும், நான் விவாகப் பதிவு, பிறப்புப் பத்திரம், வேலை ஒப்பந்தம் எல்லாவற்றின் நகல்களையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் கொண்டு போனேன். ஆரணி அதைப் பார்த்தாள்.

பாதை சொன்னபடியே இருந்தது. ஏரியிலிருந்து வெளிக்கிடுகிற ஆற்றின் கரையோடு ஒரு ஒற்றைத் தார்ப்பாதை. ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர், மறுபக்கம் சோளம், திராட்சை, கொடியில் காய்க்கிற கிவி. தூண்டில்காரர்கள் கதிரை போட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மினுமினுத்த உடுப்போடு கிழவர்கள் கூட்டமாகத் தாண்டிப் போனார்கள். மற்றபடி ஒரு சத்தமும் இல்லை. சங்கிலியின் சத்தம், வயலில் தண்ணீர் தெளிக்கிற குழாயின் சத்தம், அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால், முதல் நாள் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. வாகனம் இல்லாத வீதி என்றால் எங்களுக்கு அது ஊரடங்கு. வளைவு வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தில் என்ன நிற்குதோ என்று மனம் எட்டிப் பார்த்தது. இதை வாசிக்கிற உல்லாசப் பயணிகள் என்னை மன்னிக்க வேண்டும். காசு கொடுத்து அமைதியைத் தேடிப் போகிறவர்களோடு சேர்வதற்கு எனக்கு ஒன்றரை நாள் தேவைப்பட்டது.

ஆரணி எப்போதும் முன்னால் ஓடினாள். சந்திகளில் நின்று, நான் வந்து சேர்ந்ததும் தண்ணீர் குடிச்சீங்களா என்று கேட்டுவிட்டு மறுபடி முன்னால் போய்விடுவாள். அவள் முதுகைத்தான் நான் இரண்டு நாளும் பார்த்தேன். கேட்க வேண்டும், கேட்க வேண்டும் என்று நினைத்து, சாப்பிடும்போது தண்ணீருக்கு இத்தாலியனில் என்ன சொல்வது என்று கேட்டேன்.

மூன்றாம் நாள் மாந்தோவாவைத் தாண்டிப் பெரிய ஆற்றுக்கு வந்தோம். ஆற்றின் பெயர் போ. வேறு ஒரு சனத்துக்கு அது வெறும் பெயர். வீட்டை விட்டு வெளிக்கிடுகிறவரிடம் போ என்று வாய் தவறியும் சொல்லாத, போய்விட்டு வா என்பதைப் போட்டு வா என்று மட்டும் சொல்கிற சனம் நாங்கள். போகப் போகிற பிள்ளையின் பின்னால், போ என்ற ஆற்றின் கரையில் எதிர்க்காற்றில் மிதித்துக்கொண்டிருந்தேன். சிரிப்பாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

அணைக்கட்டின் மேல் பாதை நேராக நீண்டிருந்தது. தூரத்தில் ஒரு சின்னப் பாலம். பாலத்தடியில் சீருடையில் இரண்டு பேர், பக்கத்தில் ஒரு வாகனம். தூண்டில்காரர்களின் அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவர்கள் எங்கள் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

நான் இறங்கியிருந்தேன். இறங்க வேண்டும் என்று நினைத்து இறங்கவில்லை. சைக்கிள் இடது கையில் இருந்தது. வலது கை இடுப்புப் பையிலிருந்து கடவுச்சீட்டை எடுத்திருந்தது. வேகமும் இல்லாமல் மெதுவும் இல்லாமல் உருட்டிக்கொண்டு போனேன். பாலத்தடிக்கு வந்ததும் கடவுச்சீட்டை நீட்டினேன்.

இரண்டு பேரில் வயதானவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என் சைக்கிளைப் பார்த்தார். சில்லில் காற்றுப் போய்விட்டது, அதனால்தான் பாவம் உருட்டிக்கொண்டு வருகிறாள் என்று அவர் முடிவெடுத்தார். குந்தியிருந்து முன் சில்லை அமத்தினார், பின் சில்லை அமத்தினார், இரண்டிலும் காற்று இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று வாகனத்திலிருந்து பம்பைக் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டார். நான் கடவுச்சீட்டை நீட்டியபடியே நின்றேன். அதைக் கையால் மெல்ல விலக்கிவிட்டு, வாகனத்தின் இருக்கையிலிருந்து ஒரு பீச் பழம் எடுத்துத் தந்தார்.

ஆரணி பாலத்துக்கு அப்பால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனபோது கவனித்தேன். அவளும் இறங்கி நின்றாள். கைபேசியைக் கையில் வைத்திருந்தாள், ஆனால் அதன் திரை கறுப்பாக இருந்தது.

6

சாப்பிடலாம் என்று அணைக்கட்டுப் புல்லில் இருந்தோம். பாணும், நான் வீட்டிலிருந்து போத்தலில் கொண்டுபோன சம்பலும். அவள் சாப்பிடவில்லை.

“நீங்கள் ஏன் இறங்கினீங்கள்?”

பழக்கம் என்றேன். ஊரில் சென்ட்ரியைக் கண்டால் இறங்கி உருட்ட வேண்டும், உடம்பு அதை வைத்திருக்கிறது என்று சொன்னேன். சென்ட்ரி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. இருபத்து நாலு வருடத்தில் நாங்கள் இதை ஒருமுறைகூட வீட்டில் கதைத்ததில்லை. எட்டுத் தரம், குடை, அட்டை எல்லாம் சொன்னேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

“எனக்கும் நீங்கள் அதைத்தான் சொல்லித் தந்தீங்கள்.”

எனக்கு ஞாபகமே இல்லை. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆறு வயது. சின்னச் சிவப்புச் சைக்கிள். நான் பக்கத்தில் ஓடி வந்துகொண்டிருந்தேனாம். சந்தியில் பொலிஸ்காரர் ஒருவர் நின்றிருக்கிறார். நான் அவளைத் தோளில் பிடித்து இறக்கி, பொலிஸைக் கண்டால் இறங்கி உருட்ட வேணும் பிள்ளை என்றேனாம். ஒரு நாள் இல்லை, பல நாள். அவள் அதைப் பற்களைத் துலக்குவது மாதிரி எடுத்துக்கொண்டாள்.

நாலாம் வகுப்பில் இங்கே பிள்ளைகளுக்குச் சைக்கிள் பரீட்சை வைப்பார்கள். பொலிஸ்காரர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பழக்கி, கடைசி நாளில் உண்மையான வீதியில் ஓடவிட்டு, மூலைக்கு மூலை நின்று புள்ளி போடுவார்கள். ஆரணி முதல் மூலைக்கு வந்தாள். பொலிஸ்காரரைக் கண்டாள். இறங்கினாள், உருட்டினாள், தாண்டினதும் ஏறினாள். இரண்டாவது மூலை. மூன்றாவது மூலை. ஏன் இறங்குகிறாய் என்று அவர் கேட்டபோது, அம்மா சொன்னவா என்றிருக்கிறாள். பின்னால் வந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வகுப்பில் அவள் மட்டும்தான் சித்தியடையவில்லை.

அவள் அன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுவந்த தாள் எனக்கு ஞாபகம் இருந்தது. கடைசியில் ஒரே ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டிருந்தது: உன்சிஹர். எனக்கு சிஹர் என்ற சொல் தெரியும். வேலை இடத்தில் கதவில், மின்தூக்கியில், சப்பாத்துப் பெட்டியில் எல்லாம் இருக்கிற சொல். பாதுகாப்பு. அப்படியென்றால் உன்சிஹர், பாதுகாப்பில்லை. உங்கள் பிள்ளை வீதியில் ஓடினால் ஆபத்து என்று அரசாங்கம் எழுதி அனுப்பியிருக்கிறது என்று நான் விளங்கிக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பயத்தில் எனக்கு ஆத்திரம் வந்தது. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் ஒண்டிலையும் ஃபெயில் விட்டதில்லை என்று அவளை ஏசினேன். பூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கிற இவர் அன்று பின்னேரமே நல்ல பூட்டாக ஒன்றைக் கொண்டுவந்து, சிவப்புச் சைக்கிளை நிலவறைக் குழாயோடு சேர்த்துப் பூட்டினார்.

“அதுக்கு ஆபத்து எண்டு அர்த்தம் இல்லை, அம்மா. அது... எப்பிடிச் சொல்றது. ஒராள் செய்யத் தெரிஞ்சும் செய்யாமல் நிக்கிறது. போறதோ, இல்லையோ எண்டு.”

“தயங்கிறது.”

“ஓம். தயங்கிறது.” அவள் அந்தச் சொல்லை இன்னொருதரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். “பிள்ளை தயங்குறாள், இன்னும் பழக வேணும். அவ்வளவுதான் எழுதியிருந்தது.”

பதினாலு வருடம். ஒரு சொல்லை நான் பிழையாக வாசித்திருக்கிறேன்.

நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கவே தேவைப்படவில்லை. அவளே சொன்னாள். கோபம் இல்லாத இதே குரலைத்தான் நான் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

“நீங்கள் சொன்னபடிதான் நான் செய்தனான். செய்ததுக்கு நீங்களே ஏசினீங்கள். அதுக்குப் பிறகு உங்களிட்டை ஒண்டும் சொல்லக்கூடாது, ஒண்டும் கேக்கக்கூடாது எண்டு முடிவெடுத்தன். பத்து வயசிலை எடுத்தது. பிறகு மாத்த மறந்திட்டன்.”

இப்பவும் பொலிஸைக் கண்டால் இறங்கிவிடுவாளாம். வெட்கத்தில், கைபேசி பார்க்கிற மாதிரியோ சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரியோ நடிப்பாளாம். படிப்பு முடிந்த பொறியியலாளர். ஜெர்மனியில் பிறந்தவள். ஒரு சென்ட்ரியையும் கண்ணால் கண்டதில்லை.

ஒரு தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு எங்கள் வீட்டில் சொல் ஒன்றும் புழக்கத்தில் இல்லை. ஜெர்மனில் சுலபம், பஸ்ஸில் தோள் பட்டாலே சொல்லிவிடலாம். அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொல்லித் தந்தது பிழை பிள்ளை, எனக்கு அப்ப தெரியேல்லை என்றேன். பிறகு பாணைப் பிய்த்து, அதில் சம்பலை வைத்து நீட்டினேன். அவள் வாங்கிச் சாப்பிட்டாள். உறைப்பு என்றாள். பீச் பழத்தைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டோம்.

எல்லாம் அன்றோடு சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். அவள் அதற்குப் பிறகும் முன்னால்தான் ஓடினாள். ஆனால் கதைத்தால் கேட்கிற தூரத்தில் ஓடினாள்.

7

வீட்டுக்கு வந்து இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எழும்பி நிலவறைக்குப் போனார். திறப்பைத் தேடிக் காணவில்லை. முப்பது வருடமாகப் பூட்டுச் செய்கிற மனுசன், தன் பூட்டைத் தானே அரத்தால் அரைப் பொழுதாக அறுத்தார். வியர்த்து வழிந்தபடி மேலே வந்து, நல்ல பூட்டு, பிழை சொல்ல ஏலாது என்றார். சிவப்புச் சைக்கிளின் இருக்கை ஆரணியின் முழங்காலுக்கு வந்தது. அவள் அதன் மணியை மட்டும் கழற்றித் தன் சைக்கிளில் பூட்டிக்கொண்டாள்.

டென்மார்க்குக்கு அவளுக்குச் செவ்வாய்க்கிழமை ரயில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அம்மா ஒரு ஓட்டம் ஓடுவமோ என்று கேட்டாள். ஓட்டுவமோ என்று கேட்கவில்லை, ஓடுவமோ. நான் திருத்துவதற்கு ஒன்றும் இல்லை.

பழைய ரயில் பாதையில் போனோம். நல்ல வெயில், நிறையச் சனம். கல் பாலத்தைத் தாண்டிச் சுரங்கம் ஒன்றை நெருங்கியபோது, வாயிலில் இரண்டு பொலிஸ்காரர்கள் நின்றார்கள். இலையுதிர் காலம் தொடங்குகிறது, சைக்கிள்களில் விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிரதிபலிக்கிற பட்டிகள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரையும் மறிக்கவில்லை.

என் கால் மிதியிலிருந்து வழுக்கியது. அந்த நேரம் முன்னால் பார்த்தேன். ஆரணியின் வலது கால் ஏற்கெனவே மிதியை விட்டு வெளியே வந்திருந்தது. சைக்கிள் தள்ளாடியது. ஒரு கை சட்டைப் பைக்குள் கைபேசியைத் தேடியது.

அந்த முதுகை எனக்குத் தெரியும். அது என்னுடைய முதுகு. கொக்குவிலில் நான் விட்டுவிட்டு வந்ததாக நினைத்த சாமான் அவளுக்குள் இருந்தது.

நான் இறங்கவில்லை. கியரை மாற்றக்கூட நினைக்கவில்லை. எழும்பி நின்று மிதித்து அவள் பக்கத்துக்குப் போய், சோடி போட்டு, என் வலது கையை அவள் முதுகில் வைத்தேன். வசந்தி வைத்த அதே இடத்தில், தோள்களுக்கு நடுவில். சட்டைக்கூடாக அவள் நெஞ்சு அடிப்பது கைக்குத் தெரிந்தது.

“இறங்காதை பிள்ளை. அது என்ரை. உனக்கு வேண்டாம். ஓடு.”

அவள் கால் மிதிக்குத் திரும்பியது. நான் இரண்டு பேருக்கும் சேர்த்து மிதித்தேன். பொலிஸ்காரர்கள் எங்களுக்கு இரண்டு பக்கமும் வந்தார்கள், தாண்டினார்கள். இளையவர் என்னைப் பார்த்து உரத்த குரலில், இரண்டு கையும் ஹான்டிலில் வைக்கச் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

திரும்பிப் பார்த்து, “ஓம்” என்றேன். ஜெர்மன் வாயில் வரவில்லை. கையை எடுக்கவும் இல்லை.

சுரங்கத்துக்குள் போனதும் ஆரணி சிரிக்கத் தொடங்கினாள். பத்து வயதுக்கு முன்னால் கேட்ட சிரிப்பு. சிவப்புச் சைக்கிளின் மணியை அடித்தாள்; சுவரெல்லாம் மணி கேட்டது.

“அம்மா,” என்றாள், “நீங்கள் ஃபெயில் விட்டிட்டீங்கள்.”